கரிசல் மனையா, செம்மண் மனையா?

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் மனை தேடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு கட்டத்தில் வந்தே தீரும். ஊரை ஒட்டிக் கரிசல் மனை ஒன்று, மேற்கே கொஞ்சம் தள்ளிச் செம்மண் மனை ஒன்று. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்னைக் கேட்டால், வீட்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் செம்மண், செடி கொடிக்குக் கரிசல் என்பேன். ஆனால் மூன்றும் ஒரே மனைக்குள் வரப்போகிறவை. அங்கேதான் சிக்கல்.

முதலில் வீடு. கரிசலில் இருக்கும் மாண்ட்மொரில்லோனைட் என்ற களிக்கனிமம் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற நிலம் ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். கடைக்கால், அதாவது அஸ்திவாரம், ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். சிறு வயதில் நாங்கள் இருந்த வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். வருடம் தவறாமல் பூசுவோம். அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடியும் வாய் பிளக்கும். சுவரில் கோளாறில்லை, கீழே மண் அசைகிறது என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இதற்கு வழி உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த அண்டர்ரீம்டு பைல் இந்த மண்ணுக்கென்றே வந்தது. குழிக்குள் தூண் போல இறங்கி, அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு வரை குமிழாக விரியும். ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் இறக்கினால், பருவத்துக்குப் பருவம் அசையாத மண்ணில் குமிழ் உட்கார்ந்துகொள்ளும். மேலே போடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் மண் பீமையே தூக்கும். கரிசல் மூன்று நான்கு அடிதான், கீழே சுக்கான் என்கிற கெட்டியான சுண்ணாம்புப் படிவம் இருக்கிறது என்றால் அதுவரை அஸ்திவாரக் குழி தோண்டிக் கடைக்காலைக் கெட்டியில் வைத்துவிடலாம். செம்மண்ணில் பெரும்பாலும் சில அடியிலேயே சரளை தட்டும், சாதாரண ஃபூட்டிங் போதும். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு மனையும் ஒரே விலை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. மேலே சிவப்பாகத் தெரிவதெல்லாம் செம்மண் ஆகாது. வயலையோ பள்ளத்தையோ கிராவல் அடித்து மேடாக்கிப் பிளாட் போட்டிருப்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஆறேழு அடிக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்து செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் குடிக்குமா என்பதுதான் கேள்வி. உறிஞ்சுகுழி வரும் ஆழத்தில் சின்னக் குழி தோண்டி, நீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்தைத் தாண்டினால் உறிஞ்சுகுழி சரிப்படாது. செம்மண் பெரும்பாலும் தேறிவிடும். ஈரமான கரிசல் தேறாது. கோடையில் வெடிப்பு வழியாக நீர் ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, மழைக்காலத்தில் அதே குழி தளும்பி நிற்கும். கடற்கரை மணல் இதற்கு நேர் எதிர். நீர் கடகடவென்று இறங்கும், வடிகட்டப்படாமலே பக்கத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

தோட்டத்தில் கரிசலுக்கு நிகரில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியையும் மிளகாயையும் கொத்தமல்லியையும் மானாவாரியாகவே வளர்க்கும் மண் அது. சுண்ணாம்பு அதிகம் என்பதால் சில செடிகளில் இரும்புச் சத்து ஏறாமல் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செம்மண்ணில் வேர் சுலபமாக ஓடும், மா, நிலக்கடலை எல்லாம் நன்றாக வரும். ஆனால் மக்கிய இலைதழைச் சத்து குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். தொழுவுரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கரிசல் மனையை ஏற்கெனவே வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்வதுதான் அந்த வீட்டைக் கெடுக்கும். கசியும் டேங்க், சுவரோரம் தினமும் நீர் ஊற்றும் ரோஜாத் தொட்டி, ஈரத்தை உறிஞ்சும் வேப்பமரம் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. டேங்கையும் தோட்டத்தையும் மனையின் கோடிக்குத் தள்ளுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் கடைக்கால் ஓரம் விழாமல் குழாய் வைத்துத் தூரமாகக் கொண்டுபோய் விடுங்கள். வேம்பு வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், வேலி ஓரத்தில்.