செந்தூலில் கீப்பர்களுக்கென்றே ஒரு ஃபுட்சால் வகுப்பு

கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குக் கால்பந்து வகுப்பு தேடினால் வட்டாரத்துக்கு ஒன்று கிடைக்கும். கோல்கீப்பருக்கென்று தனி வகுப்பு, அதுவும் ஃபுட்சால் (சின்னக் கோர்ட்டில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து) கீப்பருக்கு, கிடைப்பது அபூர்வம். செந்தூலில் சனிக்கிழமை காலையில் நடக்கும் இந்த வகுப்பைப் பற்றி எழுத அதுவே முதல் காரணம். என் மகளுக்கு 13 வயது, பள்ளி அணியின் கீப்பர். இந்த வருடம் முழுக்க இங்கேதான் பயிற்சி எடுக்கிறாள்.

முன்பு அவள் போன அகாடமியில் கீப்பர்களை மூலையில் நிற்க வைத்திருப்பார்கள். மற்றவர்கள் ஷூட் அடித்துப் பழகும்போது வாங்கிக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்குப் பயிற்சி. கோல் ஏன் விழுந்தது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. இங்கே வகுப்பே கீப்பர்களுடையது. ஷூட் அடிக்கவும் அவர்களேதான் மாறி மாறி வருகிறார்கள். அதனால் அடிப்பவன் எந்த இடைவெளியைப் பார்க்கிறான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

கோச்சைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. செந்தூலிலேயே வளர்ந்தவர். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சிமெண்டுத் தரையில், அண்ணன்மார் அடிக்கும் பந்துக்குக் கீப்பராக நின்று பழகியிருக்கிறார். பெரிய மைதானத்து அணித் தேர்வுகளுக்குப் போனபோது உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கீப்பர் என்றால் உயரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஆட்களுக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டிலும் கோல்கீப்பர் என்றால் ஆர். ஆறுமுகம்தான். நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கீப்பர். 1988-இல் அவர் கார் விபத்தில் இறந்ததை என் அப்பா இன்றைக்கும் சொந்தத் தம்பியைப் பறிகொடுத்தது போலத்தான் சொல்வார். அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்த ஊரில் குட்டையான பையனை யார் கோலில் நிறுத்துவார்கள்?

ஃபுட்சாலில் கணக்கு வேறு. மைதானத்துக் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், அவ்வளவுதான். எட்டிப் பிடிப்பதைவிட, அடிப்பவனுக்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் போய் மறைக்கிறோம் என்பதே பெரிது. முதல் ஆசிய ஃபுட்சால் போட்டி 1999-இல் கோலாலம்பூரில் நடந்தது, ஈரான் வென்றது. பள்ளி மாணவனாக அதைப் பார்த்துவிட்டுத்தான் கோச்சுக்குத் தனக்கும் இதில் இடம் இருக்கிறது என்று தோன்றியதாம். கம்பெனி லீக்கில் தொடங்கி மாநில அளவு வரை போனார். வலது முட்டி கெட்டுப்போனதும் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தார்.

அந்த முட்டிதான் பாதிப் பாடத்தை நடத்துகிறது என்பேன். "கை அப்புறம்மா, முதல்ல கால்" என்பார். ஒரு முட்டியை மடக்கித் தரைக்கு இறக்கி, மற்றக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டி இறக்கித் தடுக்க வேண்டும். 6 மீட்டருக்குள்ளிருந்து வரும் பந்துக்குப் பாய நேரம் இருக்காது. பாய்ந்தால் உடம்பு தரையில் கிடக்கும், பந்து கோலின் மறுபக்கத்து போஸ்ட்டில் நிற்பவன் காலுக்குப் போய்விடும். இதை மற்ற கோச்சுகளும் சொல்லக்கூடும். ஆனால் முட்டியை இடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குவது எப்படி என்பதை இவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் மண்டியிட்டுக் காட்டுகிறார். இடுப்பும் தொடையும் நன்றாகச் சூடாகும்வரை யாரையும் கோலுக்குள் விடுவதில்லை. தன் காலத்தில் இதைச் சொல்லித்தர யாரும் இல்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் படியிறங்குவதைப் பார்த்தால் மற்றது புரியும்.

அடுத்து எறிதல். கீப்பர் தன் பாதியில் பந்தை 4 விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. விட்டுவிட்டால், எதிரணி தொடும்வரை தன் பாதியில் அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஆகவே அந்த ஒரு எறிதலே தாக்குதலின் தொடக்கம். ஃபுட்சால் பந்து அதிகம் எம்பாது, 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்பது விதி. அதனால் தாழ்வாக எறிந்தால் முன்னால் நிற்பவன் காலில் போய் அடங்கும். கோச் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ண, பிள்ளைகள் பந்தைப் பிடித்துத் தலை தூக்கி எறிய வேண்டும். என் மகளிடம் நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான். முன்பு பந்தைப் பிடித்ததும் கட்டிக்கொண்டு நிற்பாள், இப்போது பிடிக்கும் முன்பே யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்துவிடுகிறாள்.

பிள்ளைகள் களைத்த பிறகு கடைசியில் 10 மீட்டர் உதை. ஆட்டத்தின் ஒரு பாதியில் ஓர் அணி 6-ஆவது ஃபவுல் செய்தால் எதிரணிக்கு, நடுவில் ஆட்கள் சுவராக நிற்காமல் கிடைப்பது இது. களைப்பில்தான் ஃபவுலும் கூடும் என்பதால் அதை அப்போதே பழக்குகிறார். நல்ல யோசனை.

குறைகளும் உண்டு. தகரக் கூரை, பத்து மணிக்கே உள்ளே வேகும், காற்றாடிகள் போதாது. பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை இல்லை, இதைக் கோச்சிடமும் சொல்லியிருக்கிறேன். நேர மாற்றத்தை வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸப்பில் போடுவது வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தொல்லை. 10 வயதுச் சின்னதுகளை 17 வயதுப் பையன்களோடு கலந்து விடும் கடைசி அரைமணி எனக்குப் பிடிக்கவில்லை, கோர்ட்டைப் பிரித்தால் நல்லது.

மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்). இவ்வளவு கவனத்துக்கு இது நியாயமான கட்டணம். பெரிய மைதானத்தில் பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் கிராஸ் பந்தைப் பிடிக்கப் பழக வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம், இங்கே அது சொல்லித்தரப்படுவதில்லை. சேர்ப்பதானால் முட்டிப் பட்டையும் நீளக் கால்சட்டையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். முதல் வகுப்பு இலவசம், பள்ளித் தவணை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே மாமாக் கடை இருக்கிறது, ரொட்டி சானாய் நன்றாக இருக்கும்.