ஸ்டோரேஜ் அறை: தரைத்தளமா, குளிரூட்டிய மாடியா?

வீட்டில் அடங்காத சாமான்களைப் போட்டுவைக்க வாடகைக்கு ஸ்டோரேஜ் அறை தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை வரும். ஒன்று, ஷட்டர் வாசல்வரை வண்டி போகும் தரைத்தள அறை. மற்றது, கட்டடத்துக்குள் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய மாடி அறை.

ஏற்றி இறக்க தரைத்தளத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டிக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் அறை. மாடிக்கோ தள்ளுவண்டி, லிஃப்ட், நீளமான நடைபாதை. முன்பணம் கட்டும்முன் லிஃப்ட் கதவை அளந்துவிடுங்கள். சோபா நுழையாமல் நான் முழித்தது போதும்.

ஆனால் உள்ளே வைக்கப்போவது என்ன? ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்க ஏதுவாகிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கத் தரைத்தள அறையில் கிடந்த என் புத்தகப் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் அலையலையாய் நெளிந்திருந்தன, அட்டையெல்லாம் சாம்பல் புள்ளி. பக்கத்திலிருந்த எவர்சில்வர் அண்டாவுக்கு ஒரு கேடும் இல்லை. புத்தகம், புகைப்படம், மரச்சாமான், வீணை என்றால் வாடகை கூடினாலும் மாடிதான். பாத்திரம், பிளாஸ்டிக் நாற்காலிக்கு அது தண்டச் செலவு.

தரைத்தளம் எடுத்தால் அடியில் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். குளிரூட்டிய அறை என்பதற்காகக் காப்பீடு தானாக வந்துவிடாது. அதைத் தனியாகக் கேளுங்கள். முதல் மாதச் சலுகை முடிந்ததும் வாடகை எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.