கறுப்பு வெள்ளைப் படங்களும் காவிரிக்கரை ஈரமும்

கூடத்திலும் மாடிப்படி ஓரத்திலும் கறுப்பு ஃபிரேமில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டி ஆறேழு மழைக்காலம் போயிருக்கும். மயிலாடுதுறை பக்கம், வாய்க்காலை ஒட்டிய வீடு. இன்னொரு வீடு கட்டினாலும் இதையேதான் மாட்டுவேன். ஆனால் இந்த மண்ணின் ஈரத்துக்கு ஏற்ற மாதிரி ஃபிரேம் போடவில்லை என்றால் எவ்வளவு நல்ல படமும் வீண். எங்கே பார்த்தாலும் எந்தப் படம் அழகு, எந்த அளவு பொருத்தம் என்றுதான் பேசுகிறார்கள், படத்தின் முதுகைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நம் வீடுகளில் ஏற்கெனவே நிறம் அதிகம். சாமி படங்கள், காலண்டர், திரைச்சீலை, தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருந்தால் அதன் தங்கத் தகடு. இதற்கு நடுவே இன்னொரு கலர் படம் வந்தால் கண் எதிலும் நிற்காது. கறுப்பு வெள்ளை இவற்றோடு போட்டி போடாமல் தன் இடத்தில் இருக்கும், சுவர் பெயிண்டை மாற்றினாலும் ஒத்துப்போகும். சுவர் வெளிர் நிறமாக இருந்து, படத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்காவது வெள்ளை மவுண்ட் (படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தெரியும் அட்டை) விட்டிருந்தால், சின்னப் படம்கூடப் பெரிதாகத் தெரியும்.

கூடத்தில் நடுநாயகமாக இருப்பது தஞ்சைப் பெரிய கோவில். லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்தது. சென்னை மாகாண அரசுக்குப் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி அவர். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்த படம், அதில் இருக்கும் கல்லின் சொரசொரப்பை இன்றைக்கு செல்போனில் எடுக்கும் படத்தில் நான் பார்க்கவில்லை. கோவிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளையும் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஆக்கியிருக்கிறார், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்புதான். அவர் இறந்தது 1902இல், அதனால் காப்புரிமைத் தொல்லை இல்லை. இப்படிப் பழைய படங்களை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுக்க நினைப்பவர்கள் பிக்ஸல் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 12×18 அங்குலத்தில் துல்லியமாக வர 3600×5400 பிக்ஸல் வேண்டும். அதில் பாதிதான் இருக்கிறது என்றால் படத்தைச் சின்னதாகப் போட்டு மவுண்டை அகலமாக்கிவிடலாம்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளையில் ஒற்றை முகத்தைக் கூடத்தில் மாட்டினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நடவு வயலில் எடுத்த ஒரு பெரியவரின் படம் வாசலுக்கு நேராக இருந்தது, திருவாரூரிலிருந்து வந்த அத்தை செருப்பைக் கழற்றுவதற்குள், "இவரு யாருடி, எப்ப தவறினாரு?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தப் படம் இப்போது உள் அறையில். கூடத்துக்குக் கோபுரம், தென்னை, படித்துறை, கோலம் போன்றவை பொருந்தும். கோலம் முக்கியமாக, இருட்டுத் தரையில் வெள்ளைக் கோடு என்பதால் அதற்குக் கலரே தேவைப்படுவதில்லை.

சரி, ஈரத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பது வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர்களின் உள்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் அங்கே காகிதப் படம் வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவில் வரும் உள்சுவர்தான் பத்திரம். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் கீழிருந்தும் ஈரம் ஏறும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் வீட்டில் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துவிடும். படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வருமாறு, தரையிலிருந்து சுமார் ஐந்தடியில் மாட்டினால் இது தொடுவதில்லை.

ஃபிரேம் கடையில் வழக்கமாகப் பின்னால் ஹார்ட்போர்டு வைத்து, நடுவில் பழைய செய்தித்தாளைத் திணித்து ஆணி அடிப்பார்கள். ஹார்ட்போர்டு ஈரத்தை உறிஞ்சி வளையும், செய்தித்தாளின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும், ராமபாணப் பூச்சிக்கும் அது நல்ல சாப்பாடு. நாங்கள் பின்னால் சன்போர்டு (ஈரம் உறிஞ்சாத பிளாஸ்டிக் நுரைப் பலகை), படத்துக்கும் அதற்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை, ஓரம் முழுக்க டேப் என்று சொல்லிச் செய்துகொண்டோம். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார், அப்புறம் செய்துகொடுத்தார். மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை: கண்ணாடி படத்தைத் தொடாமல் அதுதான் தள்ளி வைக்கிறது, தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் உரிந்து வரும். கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் புஷ் வைத்தால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். என்ன, அந்த இடுக்கில் குளவி கூடு கட்டும், பல்லி முட்டை வைக்கும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி முதுகைத் துடைத்து மாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆன்லைனில் வாங்கிய மூன்று படத் தொகுப்பு ஒன்றும் இருந்தது. மரத்தூள் அட்டைச் சட்டம், முதல் மழைக்காலத்திலேயே அடிச்சட்டம் ஊறிப் பருத்துக் கறுப்புத் தாள் பிரிந்துவிட்டது. அதே மழையில் தேக்குச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சிந்தெடிக் பீடிங்கும் (பிளாஸ்டிக் சட்டம்) வளையவில்லை, கரையான் தொடவில்லை, ஆனால் கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும்.

அச்சும் முக்கியம். சாதாரண கலர் பிரிண்டில் எடுத்த கறுப்பு வெள்ளை சுத்தமான கறுப்பாக இருக்காது, கொஞ்ச நாளில் பச்சையாகவோ ஊதாவாகவோ திரும்பும். பிக்மென்ட் மை (எளிதில் மங்காத நிறத்துகள் மை), மேட் தாள் (பளபளப்பில்லாதது) என்று கேட்டு வாங்கியவை எங்கள் கூடத்தில் இன்னும் அப்படியே இருக்கின்றன, விலை கூடத்தான், ஆனால் பத்துப் படம் மாட்டுவதற்குப் பதில் மூன்று நல்ல படம் மாட்டினால் போதும்.

இருட்டுப் படம் ஜன்னலுக்கோ டியூப்லைட்டுக்கோ எதிரே இருந்தால் கண்ணாடி மாதிரிதான், உங்கள் முகம்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். பூஜை அறைக்கு அருகில் வேண்டாம், சாம்பிராணிப் புகையில் வெள்ளை மவுண்ட் மஞ்சளாகிறது. கறுப்புச் சட்டத்தில் தூசி உடனே தெரியும், அதுவும் சம்பா அறுவடை நேரத்தில் தினமும் துடைக்க வேண்டியிருக்கும். துடைக்கும் தண்ணீரைக் கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் வழியாக இறங்கி மவுண்டில் கறை விழும். குழந்தைகள் ஓடும் மாடிப்படியில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டோம், கீறல் சீக்கிரம் விழுகிறது, ஆனால் படம் கீழே விழுந்தால் உடையாது என்பதால் அதையே வைத்திருக்கிறோம்.