முதல் வான்கோழி வேட்டை: 12 கேஜா, 20 கேஜா?

பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டை, மே முதல் தேதிக்கு மிக அருகில் வரும் சனிக்கிழமையன்று தொடங்குகிறது. முதல் முறையாக அந்தக் காட்டுக்குள் போக நினைப்பவர் பிப்ரவரி, மார்ச்சிலேயே துப்பாக்கிக் கடையில் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். இருப்பதிலேயே பெரிய தோட்டாவைச் சுடக்கூடிய 12 கேஜ் துப்பாக்கியை வாங்குங்கள் என்ற அறிவுரைதான் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும். (கேஜ் என்பது சிறுகுண்டுத் துப்பாக்கியின் குழல் அகலத்தைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையக் குழல் அகலமாகும்.) அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதையும், துப்பாக்கியோடு சேர்ந்து வரும் மற்றத் தெரிவுகளில் எதற்கு எது மேல் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேட்டையில் பறக்கும் பறவையைச் சுடுவதில்லை. மறைந்து மறைந்து நெருங்கிச் சுடுவதும் இல்லை. பென்சில்வேனியாவில் வசந்தப் பருவத்தில் குரல் கொடுத்து வரவழைத்துச் சுட மட்டுமே சட்டம் இடம் தருகிறது. தாடி, அதாவது மார்பிலிருந்து தொங்கும் இறகுக் கற்றை, முளைத்த பறவையை மட்டுமே சுடலாம். ஒற்றைக் குண்டு சுடும் ரைஃபிளுக்கு அனுமதி கிடையாது. விடிவதற்கு முன்பே மரத்தடியில் உட்கார்ந்து, பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தன்னிடம் வரவழைத்து, 20 முதல் 35 கஜத்துக்குள் அது கழுத்தை நிமிர்த்தி நிற்கும் கணத்தில், தலையிலும் கழுத்திலும் சிறுகுண்டுகள் பதியுமாறு ஒரே ஒரு முறை சுட வேண்டும். உடம்பில் சுட்டால் பறவை காயத்தோடு தப்பிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். ஆகவே எந்தப் பொருளை எடைபோட்டாலும், உட்கார்ந்த நிலையில் அசையாமல் காத்திருந்து, அந்த ஒரு முறையைத் தவறாமல் சுடுவதற்கு அது எவ்வளவு துணைசெய்கிறது என்பதே அளவுகோல்.

துப்பாக்கிக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேலைக்கும் படிப்புக்கும் வந்துள்ள தமிழர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைவிதிக்கிறது. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. நண்பரிடம் இரவல் வாங்கிப் பயிற்சி மைதானத்தில் சுடுவதும் இந்தத் தடையில் அடங்கும் என்பதால், முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு உரிமம், அதன் பிறகே துப்பாக்கி என்ற வரிசையை மாற்றக் கூடாது. பென்சில்வேனியா உரிமம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை மட்டுமே செல்லும். அது காலாவதியாகும் நாளில் விலக்கும் காலாவதியாகும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். கடைக்காரரின் வாய்மொழியை நம்ப வேண்டாம்.

12 கேஜும் 20 கேஜும்

12 கேஜின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 கேஜினுடையது 15.6 மில்லிமீட்டர். வான்கோழிக்கென்றே செய்யப்படும் 12 கேஜ் மூன்றரை அங்குலத் தோட்டாவில் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் ஈயம் இருக்கும். 20 கேஜ் மூன்று அங்குலத் தோட்டாவில் அது ஒன்றேகால் அவுன்ஸ், சுமார் 35 கிராம். அவ்வளவு ஈயத்தை அதே வேகத்தில் முன்னே தள்ளும் துப்பாக்கி, அதே கணக்குப்படி தோளையும் பின்னே தள்ளும். மூன்றரை அங்குலத் தோட்டாவை உட்கார்ந்தபடி நாலைந்து முறை சுட்டவரின் உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குறி விலகும். பழகிய வேட்டைக்காரர்களுக்கே இது நேரும்போது, புதியவர் அந்தத் தோட்டாவில் பயிற்சி எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு முறை சுட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார். பயிற்சியைத் தடுக்கும் துப்பாக்கி, காகிதத்தில் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், முதல் வேட்டைக்கு உதவாது.

12 கேஜுக்கும் நியாயமான வாதங்கள் உண்டு. தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும். பழைய மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 போன்ற பம்ப் துப்பாக்கிகள் (முன்கட்டையைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படி வீட்டில் ஒன்று இருந்தால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மூன்றரை அங்குலத்தை விட்டுவிட்டு மூன்று அங்குலத் தோட்டாவோடு நின்றுகொள்ளுங்கள். அதில் ஒன்றேமுக்கால் அவுன்ஸ் 5ஆம் எண் ஈயம் (எண் கூடக் கூடக் குண்டு சிறியது) என்றால் ஏறத்தாழ 300 சிறுகுண்டுகள் கிடைக்கும். 35 கஜத்துக்குள் அது தாராளமாகப் போதும். புதிதாக வாங்குபவருக்கு, அதிலும் மெல்லிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும், 20 கேஜே என் தேர்வு. வீட்டில் இரண்டும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் கலக்காதீர்கள். தவறுதலாக 12 கேஜுக்குள் போடப்பட்ட 20 கேஜ் தோட்டா குழலுக்குள் சறுக்கி அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இந்த விபத்தைத் தவிர்ப்பதற்காகவே.

இயக்கமுறையைப் பற்றி நெடிதாக எழுதத் தேவையில்லை. ஒரே தோட்டா போடும் மடக்குத் துப்பாக்கி மலிவு, ஆனால் எடை குறைவு என்பதால் அதன் உதைப்பு கூடுதலாகத் தெரியும். வாயுவால் இயங்கும் அரைத்தானியங்கி உதைப்பைத் தணிக்கும், விலையும் கூடும். பம்ப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பம்ப் துப்பாக்கிகளுக்குள் மாஸ்பெர்க்கின் பாதுகாப்புப் பூட்டு மேல்பக்கத்தில், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. ரெமிங்டனில் அது விசைக்குப் பின்னால் குறுக்குப் பொத்தானாக இருக்கிறது. இடக்கைக்காரருக்கு முன்னது எளிது. 28 அங்குலக் குழலைவிட 24 அங்குலக் குழல் புதருக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் இடிக்காமல் திரும்பும்.

ஈயமும் டங்ஸ்டனும்

கேஜைப் பற்றிய பழைய விவாதத்தைத் தலைகீழாக்கியது டங்ஸ்டன் என்னும் கனமான உலோகம்தான். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இரும்பினுடையது 7.8, பிஸ்மத்தினுடையது சுமார் 9.6, டிஎஸ்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டங்ஸ்டன் கலவையினுடையது ஏறத்தாழ 18. அடர்த்தி கூடினால், சிறிய குண்டே பெரிய ஈயக் குண்டின் அளவுக்குத் துளைத்துச் செல்லும். 0.08 அங்குல விட்டமுள்ள 9ஆம் எண் டங்ஸ்டன், 0.12 அங்குல விட்டமுள்ள 5ஆம் எண் ஈயத்துக்கு ஏறத்தாழ நிகராகத் துளைக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை: ஒரு அவுன்ஸில் 5ஆம் எண் ஈயம் சுமார் 170, 9ஆம் எண் டங்ஸ்டன் சுமார் 360. ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் கொண்ட 20 கேஜ் தோட்டா 540 குண்டுகளை அனுப்புகிறது; இது மேலே சொன்ன 12 கேஜ் ஈயத் தோட்டாவைவிட மிக அதிகம். 0.410 என்னும் மெல்லிய துப்பாக்கிகூட டங்ஸ்டனோடு இந்த வேட்டைக்குள் வந்துவிட்டது, ஆனால் எல்லா மாநிலங்களும் அதை ஒரே மாதிரி அனுமதிப்பதில்லை.

இத்தனை சிறப்புக்கும் விலை உண்டு. டங்ஸ்டன் தோட்டாவின் விலை மிக அதிகம். வான்கோழிக்கான ஈயத் தோட்டாவுக்கு அதில் ஒரு பகுதிதான் ஆகும். (துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போய்ச் சேர்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.) என் கவலை விலையைப் பற்றியதைவிட, டங்ஸ்டன் தரும் துணிச்சலைப் பற்றியது. 60 கஜத்திலும் அது கொல்லும் என்று கேட்ட புதியவர் 60 கஜத்தில் சுட முயல்வார். அரையிருட்டில், மரங்களுக்கு நடுவே, 40 கஜத்தையும் 60 கஜத்தையும் கண்ணால் பிரித்தறியும் பழக்கம் அவருக்கு இன்னும் வந்திருக்காது. ஆகவே 12 கேஜ் வைத்திருப்பவருக்கு ஈயமே போதுமென்பேன். 20 கேஜ் எடுப்பவர் 30 கஜத்தை எல்லையாக வைத்துக்கொள்வாரானால் அவருக்கும் ஈயம் போதும். வசதியிருந்தால் ஒரு பெட்டி டங்ஸ்டன் வாங்கலாம், எல்லையை மட்டும் நீட்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் இந்தத் தெரிவே கிடையாது. 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயம் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்ற மாநிலங்களிலும் எந்த எண் குண்டு வரை அனுமதி என்பதற்கு விதி இருக்கும். வாங்குமுன் அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சோக்கை முடிவுசெய்வது தாள்

குழலின் வாயில் திருகப்படும் சோக், குண்டுகள் பரவும் அளவைக் கட்டுப்படுத்துகிறது. துப்பாக்கியோடு வரும் ஃபுல் சோக்குக்கும், தனியாக விற்கப்படும் எக்ஸ்ட்ரா ஃபுல் வான்கோழிச் சோக்குக்கும் இடையில் புதியவர் தயங்குவார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பது தவறான கணக்கு. மென்மையான ஈயம் அளவுக்கு மீறி நெருக்கப்பட்டால் குண்டுகள் நசுங்கித் திசைமாறும். பரவல் ஓட்டை விழுந்ததாக ஆகும். இறுக்கமான சோக்கால் 10 கஜத்தில் பரவல் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடுவதால், மிக அருகில் வந்த பறவையைத் தவறவிடுவதும் எளிதாகிவிடும். இரும்பையும் டங்ஸ்டனையும் பொறுத்தவரை, அந்தச் சோக் அவற்றைத் தாங்கும் என்று அதைச் செய்தவரே எழுதியிருந்தாலொழியச் சுடக் கூடாது.

ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகள், ஒரே தோட்டாவை வெவ்வேறு விதமாகப் பரப்பும். அதனால் தாளில் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றடிக்கு மூன்றடித் தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்து, துப்பாக்கியை மணல்பை மேல் தாங்கி, முதலில் மலிவான இலக்குப் பயிற்சித் தோட்டாவால் குறி வைத்த இடத்தில்தான் பரவல் விழுகிறதா என்று பாருங்கள். பிறகே வான்கோழித் தோட்டாவை எடுத்து 20, 30, 40 கஜங்களில் ஒவ்வொரு புதிய தாளில் சுடுங்கள். துளைகள் மிக அடர்ந்து விழுந்த இடத்தை நடுவாக வைத்து 10 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, எண்ணிய துளையைப் பேனாவால் அடித்துக்கொண்டே எண்ணுங்கள். வட்டத்துக்குள் 100 துளைகள் என்பது பலகாலமாக வழங்கிவரும் அளவு. எந்தத் தூரம் வரை அந்த நூறு நிற்கிறதோ, அதுவே உங்கள் எல்லை. வட்டத்தின் நடு, குறிவைத்த புள்ளிக்கு இடப்பக்கமோ மேலேயோ விலகியிருந்தால், சோக்கை மாற்றுவதைவிடக் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்வதுதான் பலன் தரும்.

அந்தக் கருவியிலும் போட்டி உண்டு. குறிபார்க்கக் குழல் நுனியில் ஒரே ஒரு சிறு உருண்டை மட்டும் உள்ள துப்பாக்கியில், பரபரப்பில் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிவிட்டால் குண்டுகள் பறவையின் தலைக்கு மேலே போய்விடும். முதல் வேட்டையில் தவறும் குறிகளுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. முன்னும் பின்னும் ஒளியிழை கொண்ட குறிகள் இதைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டும் ரெட் டாட் இன்னும் மேல்: தலை சற்று நகர்ந்தாலும் சிவப்புப் புள்ளி நிற்குமிடத்தில்தான் குண்டுகள் போகும். பேட்டரி தீர்ந்துவிடும் என்ற ஒரே குறை, புதிய பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்தால் தீர்ந்துவிடும். தனிச் சோக்குக்கும் ரெட் டாட்டுக்கும் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், தயங்காமல் ரெட் டாட்டை வாங்குங்கள்.

குரல், பொம்மை, மறைவு

பெட்டைக்குரல் எழுப்பும் கருவிகளான மரப்பெட்டி, கற்பலகை, வாய்க்குள் வைக்கும் சவ்வு என்ற மூன்றில், சவ்வு கையை விடுவிப்பதால் வல்லுநர்கள் அதையே மெச்சுவார்கள். ஆனால் அது வசப்பட வாரக்கணக்கில் ஆகும். பெட்டியின் மூடியில் சுண்ணம் தடவி மெல்ல இழுத்தால் பெட்டைக்குரல் முதல் நாளே வரும், தொலைவுக்கும் கேட்கும், நனைந்தால் ஊமையாகிவிடும். கற்பலகை அருகில் வந்த சேவலுக்கேற்ற மெல்லிய குரல்களைத் தரும், இரண்டு கைகளையும் கேட்கும். பெட்டியில் தொடங்கிக் கற்பலகையைச் சேர்த்துக்கொள்வது போதும். சேவல் பதில் கொடுத்துவிட்டால் துப்பாக்கியை முழங்காலில் தாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதே நல்லது.

சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைகளில், பெட்டை மட்டும், பெட்டையோடு இளஞ்சேவல், தோகை விரித்த முழுச்சேவல் என்று தெரிவுகள் உள்ளன. இளஞ்சேவல் பொம்மையை 15 முதல் 20 கஜத்தில் நம்மைப் பார்த்தபடி வைத்தால், வரும் சேவல் அதன் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். தனியார் நிலத்தில் இது மிக நன்றாக வேலை செய்யும். பொதுக்காட்டில் தோகை விரித்த பொம்மையை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மறுபக்கத்தில் இன்னொரு வேட்டைக்காரர் அதை உயிருள்ள சேவலென்று நம்பிவிடலாம். அங்கே பெட்டை ஒன்று போதும், அதையும் பைக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு, பார்வை மிகக் கூர்மை. நிறங்களும் அதற்குத் தெரியும். துணிக்கூடாரம் அசைவை மறைப்பதால் குழந்தைகளோடு போகிறவருக்கு ஏற்றது. மற்றவருக்குத் தோளைவிட அகலமான மரமும், உருமறைப்பு உடையும், கையுறையும், முகத்திரையும் போதும். அகன்ற மரம் முதுகை மறைப்பதோடு, பின்னாலிருந்து தவறாகச் சுடப்படும் ஆபத்திலிருந்தும் காக்கிறது. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மின்னும் என்பதால், அந்த மூன்று நிறங்களும் உள்பனியனின் கழுத்திலோ காலுறையிலோகூடத் தெரியக் கூடாது. வேறொருவர் நெருங்குவதைக் கண்டால் கையசைக்காமல், வான்கோழிக் குரலும் எழுப்பாமல், அசையாது உட்கார்ந்தபடியே உரத்த மனிதக்குரலில் பேசி நிறுத்துங்கள். சுட்ட பறவையைத் தோளில் தொங்கவிட்டுச் சுமப்பதைவிட, ஒளிரும் ஆரஞ்சுத் துணியில் முழுவதுமாகச் சுற்றி எடுத்து வருவதே பாதுகாப்பு; சில டாலருக்குக் கிடைக்கும் அந்தத் துணியை, துப்பாக்கி வாங்கும் நாளிலேயே பைக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.