உங்கள் வாலட் யாரிடம் கணக்குக் கேட்கிறது? எலெக்ட்ரம், கோர், ஸ்பேரோ, வசாபி: ஓர் ஒப்பீடு

பிட்காயின் வாலட் பற்றிச் சந்தேகம் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். "நேற்று வரை இருந்த காசு இன்று பூஜ்யம் காட்டுகிறதே, போய்விட்டதா?" என்பது ஒன்று. "நான் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று வேறு யாருக்காவது தெரியுமா?" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் வேர் விட்டவை என்பது என் கருத்து.

வாலட்டுக்குள் காசு கிடையாது, சாவிகள்தான் இருக்கின்றன. காசின் கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. மீதியைத் திரையில் காட்ட வேண்டுமானால் வாலட் யாரிடமாவது போய், "இந்த முகவரிகளில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாக வேண்டும். அது யாரைக் கேட்கிறதோ அவருக்கு உங்கள் கணக்கு தெரிந்துவிடும். அவர் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பூஜ்யம் தெரியும். கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் நான்கு வாலட்களை இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

எலெக்ட்ரம்

2011-ல் தாமஸ் வோக்ட்லின் தொடங்கியது. இன்றும் சின்னது, வேகமானது, பழைய லேப்டாப்பிலும் நிமிடத்தில் எழுந்து நிற்கும். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? எலெக்ட்ரம் பேரேட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர்களில் ஒன்றோடு சேர்ந்துகொண்டு, உங்கள் முகவரிகளையெல்லாம் அதனிடம் கொடுத்து வரலாறு கேட்கிறது. அந்த சர்வரை நடத்துபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கோ உங்கள் ஐ.பி. முகவரியும், எந்தெந்த பிட்காயின் முகவரிகள் ஒரே ஆளுடையவை என்பதும் தெரிகிறது. காசைத் திருட அவரால் முடியாது, ஏனென்றால் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. பார்ப்பதை மட்டும் தடுக்க முடியாது.

திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். பச்சை என்றால் சர்வரோடு நேரடித் தொடர்பு. நீலம் என்றால் டோர் (உங்கள் ஐ.பி.யை மறைக்கும் நெட்வொர்க்) போன்ற ஒரு ப்ராக்ஸி, அதாவது இடைத்தரகர், வழியாகத் தொடர்பு. சிவப்பு என்றால் தொடர்பே இல்லை. மீதி தப்பாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதைக் கிளிக் செய்தால் நெட்வொர்க் ஜன்னல் திறக்கும். அங்கே வேறு சர்வருக்கு மாறிப் பாருங்கள், பாதிச் சிக்கல்கள் அதிலேயே தீர்ந்துவிடும். டோர் பயன்படுத்த ப்ராக்ஸியில் சாக்ஸ்5 தேர்ந்து, போர்ட் 9050 கொடுக்க வேண்டும். டோர் பிரவுசரைத் திறந்து வைத்திருந்தால் 9150. டோர் போட்டால் ஐ.பி. மறையும், ஆனால் உங்கள் முகவரிகள் ஒரே கட்டாக அந்த சர்வருக்குப் போவது அப்படியேதான் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

தெரியாத சர்வரை நம்புவதன் விலை 2018 டிசம்பரில் தெரிந்தது. விஷமிகள் ஏராளமான சர்வர்களை நிறுவினார்கள். அவற்றோடு இணைந்த யாராவது பணம் அனுப்ப முயன்றால், "புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்ற செய்தி வாலட்டுக்குள்ளேயே தோன்றியது, கூடவே ஒரு போலி இணைப்பும். அதை நம்பி இறக்கி நிறுவியவர்களின் சாவிகள் பறிபோயின. சில நாட்களிலேயே 200 பிட்காயினுக்கு மேல் போனது. 3.3.4-க்கு முந்தைய பதிப்புகளெல்லாம் இந்த வலையில் விழக்கூடியவை. பழைய பதிப்பை அப்படியே வைத்திருந்தவர்கள் 2020 வரைகூட இதில் பணம் இழந்தார்கள். ஆகவே பல வருடம் தொடாமல் கிடந்த எலெக்ட்ரத்தைத் திறக்கப் போகிறவர்கள், திறப்பதற்கு முன்பே அதிகாரப்பூர்வ தளத்தில் புதிய பதிப்பை இறக்கி, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவிவிடுங்கள். உள்ளே வரும் எந்தச் செய்தியின் இணைப்பையும் தொடாதீர்கள்.

பிட்காயின் கோர்

கோர் யாரையும் கேட்பதில்லை. 2009-லிருந்து இன்று வரையிலான பேரேடு முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு பிளாக்கையும் (பரிவர்த்தனைகளின் கட்டு) தானே சரிபார்த்து, உங்கள் மீதியை உங்கள் டிஸ்கிலேயே தேடிக்கொள்கிறது. இதைவிடச் சுத்தமான தனியுரிமை வேறு எந்த வாலட்டிலும் கிடையாது.

விலையும் அதற்கேற்றபடிதான். பேரேடு 600 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. ப்ரூன் அமைப்பில் பழைய பிளாக்குகளை அழித்து, பிளாக் கோப்புகளை மட்டும் 550 எம்.பி. வரை சுருக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் முதல் தடவை முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு இத்தனை ஜி.பி. என்று அளவு வைத்த இணைப்பாக இருந்தால் இதை முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்கில் நாட்கணக்கில் இழுக்கும், எஸ்.எஸ்.டி. போட்டால் நிம்மதி. ராம் தாராளமாக இருந்தால், முதல் சிங்க் (பேரேட்டை இறக்கிச் சரிபார்ப்பது) முடியும்வரை டேட்டாபேஸ் கேஷைக் கூட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். "பல மணி நேரமாக மீதி பூஜ்யமாகவே இருக்கிறது" என்று பதறுபவர்களுக்குப் பதில் எளிது: உங்கள் காசு வந்த பிளாக்கை கோர் இன்னும் எட்டவில்லை.

கோரில் உண்மையிலேயே கையைக் கடிக்கும் விஷயம் வேறு. மற்ற வாலட்கள் தருவதுபோல, சாவிகளை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 சொற்களை (சீட்) அது தருவதில்லை. காப்பு என்பது வாலட் கோப்புதான். டிஸ்க் கெட்டு, கோப்பின் பிரதியும் இல்லையென்றால் எதுவும் செய்ய முடியாது. ப்ரூன் செய்த நோடில் (பேரேட்டைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர்) பழைய வாலட் ஒன்றை ஏற்றினாலும் தடுமாறும். பழைய பிளாக்குகளை அது அழித்துவிட்டதால் பின்னோக்கித் தேட முடியாது, மறுபடி முழுவதும் இறக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அனுப்பும் பரிவர்த்தனை உங்கள் நோடிலிருந்து அக்கம்பக்கத்து நோடுகளுக்குப் போகிறது. நெட்வொர்க்கைக் கண்காணிப்பவர் இது எந்த ஐ.பி.யிலிருந்து கிளம்பியது என்று ஊகிக்க முடியும். டோர் வழியாக இணைத்தால் இதுவும் பெருமளவு அடைபடும்.

ஸ்பேரோ

என் முதல் தேர்வு இதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரிடம் கேட்பது என்ற கேள்வியை ஸ்பேரோ மறைப்பதில்லை, தொடங்கும்போதே உங்களிடம் கேட்கிறது. பொது சர்வர், உங்கள் சொந்த பிட்காயின் கோர், உங்கள் சொந்த எலெக்ட்ரம் சர்வர் என மூன்று வழிகள். கீழே இருக்கும் சுவிட்சின் நிறமே அதைச் சொல்லும்: பொது சர்வர் மஞ்சள், கோர் பச்சை, தனி சர்வர் நீலம். இன்று மஞ்சளில் தொடங்கி, அடுத்த வருடம் பழைய லேப்டாப் ஒன்றில் கோர் ஓடத் தொடங்கியதும் பச்சைக்கு மாறலாம். வாலட், லேபிள் எல்லாம் அப்படியே இருக்கும். ப்ரூன் செய்த கோரோடும் வேலை செய்யும், வாலட் தொடங்கிய தேதி மட்டும் ப்ரூன் எல்லைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

மஞ்சளில் இருக்கும்வரை எலெக்ட்ரத்துக்குச் சொன்ன அதே பலவீனம் ஸ்பேரோவுக்கும் உண்டு. அதில் சலுகை எதுவும் கிடையாது.

வசாபி

வசாபி நடுவழியில் போகிறது. பேரேட்டை முழுதாக இறக்குவதில்லை, முகவரிகளை யாரிடமும் கொடுப்பதுமில்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சின்ன ஃபில்டர், அதாவது அதில் உள்ள முகவரிகளின் சுருக்கக் குறிப்பு, இருக்கும். அவற்றை எல்லோருக்கும் பொதுவாக இறக்கி, "என் முகவரி இந்த பிளாக்கில் இருக்கக்கூடுமா?" என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கிறது. பொருந்தினால் அந்த பிளாக் முழுவதையும் டோர் வழியாக வாங்குகிறது. எந்த முகவரிக்காக வாங்கினீர்கள் என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. நோடு நடத்த வசதி இல்லாதவருக்கு இது அருமையான ஏற்பாடு. புதிய முகவரி எடுக்கும்போதெல்லாம் இதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பெயர் எழுதச் சொல்வதும் எனக்குப் பிடித்த விஷயம்.

வசாபிக்குப் பெயர் வாங்கித் தந்தது காயின்ஜாயின்: பலருடைய காசை ஒரே பரிவர்த்தனையில் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் செய்வது. அதை ஒருங்கிணைத்த இஸட்கே ஸ்நாக்ஸ் நிறுவனம் 2022 மார்ச்சில் சில காசுகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது, 2024 ஜூன் 1-ல் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. இப்போது யாருடைய ஒருங்கிணைப்பாளரை நம்புவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். இதே துறையில் இருந்த சாமுராய் வாலட்டை நடத்திய இருவர் 2024 ஏப்ரலில் கைதாகி, உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2025 நவம்பரில் சிறைத்தண்டனை பெற்றார்கள். அதன் கலவைச் சேவையைப் பயன்படுத்திவந்த ஸ்பேரோவும் 2024-ல் அந்த வசதியை எடுத்துவிட்டது. ஆகவே காயின்ஜாயினுக்காக மட்டும் வசாபியை எடுக்க நான் சொல்ல மாட்டேன். ஃபில்டருக்காக எடுக்கலாம்.

மீட்டெடுத்தேன், பூஜ்யம் காட்டுகிறது

அதிகம் கலங்க வைப்பது இதுதான், ஆனால் பெரும்பாலும் காசு அப்படியே இருக்கும். பழைய ஹார்டுவேர் வாலட்டின் (சாவியைத் தனியே வைத்திருக்கும் சின்னக் கருவி) 24 சொற்களை எலெக்ட்ரத்தில் இடுகிறீர்கள் என்று வையுங்கள். "நெக்ஸ்ட்" பட்டனே உயிர் பெறாது. எலெக்ட்ரத்துக்குச் சொந்தமாக வேறொரு சீட் முறை இருப்பதுதான் காரணம். அதே ஜன்னலில் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போய் பிஐபி-39 (மற்ற வாலட்களில் பரவலான சீட் முறை) என்று குறித்தால்தான் அது ஏற்கும். அடுத்த திரையில் முகவரி வகை கேட்கும். ஒரே சீட்டிலிருந்து 1-ல் தொடங்கும் பழைய முகவரிகள், 3-ல் தொடங்குபவை, பிசி1க்யூ, பிசி1பி எனத் தனித்தனிக் குடும்பங்கள் பிறக்கும். ஒவ்வொரு குடும்பமும் சீட்டிலிருந்து பிறக்கும் வழியின் எண் முறையே 44, 49, 84, 86. உங்கள் காசு 49-ல் இருக்க, நீங்கள் 84-ஐத் தேர்ந்தால் பூஜ்யம்தான் வரும். எது என்று நினைவில்லையா? அதே திரையில் ஏற்கெனவே உள்ள கணக்குகளைக் கண்டுபிடிக்கும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பல வழிகளை ஒருமுறை சர்வரிடம் கேட்கும் என்பதால், டோர் போட்ட பிறகு அழுத்துவது நல்லது.

ஸ்பேரோவிலும் இதே தேர்வு உண்டு, தெளிவாகவே இருக்கும். வசாபி பிசி1 வகை முகவரிகளோடு நின்றுவிடும், 3-ல் தொடங்கும் பழைய முகவரிகளை அங்கே தேட வேண்டாம்.

இன்னொரு காரணம் இடைவெளி வரம்பு. எலெக்ட்ரம் தொடர்ந்து 20 காலி முகவரிகளைப் பார்த்தால் அதற்கு மேல் தேடாது. கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளருக்கு ஒன்றாக 30 முகவரி கொடுத்து, முப்பதாவதில் மட்டும் பணம் வந்திருந்தால் அது கண்ணில் படாது. வரம்பைக் கூட்டினால் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான்கும் ஒன்றல்ல, இங்கேதான் நிஜமாகவே காசு தொலைகிறது. எலெக்ட்ரத்திலும் கோரிலும் நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பைப் பூட்டுவது மட்டும்தான். எலெக்ட்ரத்தில் பாஸ்வேர்டு மறந்தாலும் சீட் இருந்தால் பிழைத்தீர்கள். வசாபியில் வாலட்டை உருவாக்கும்போது கொடுக்கும் கடவுச்சொல் சீட்டோடு சேர்ந்தே சாவியை உருவாக்குகிறது. 12 சொற்கள் கையில் இருந்தும் அது மறந்துவிட்டால் கதவு திறக்காது. மீட்டெடுக்கும்போது தப்பாக இட்டாலும் "தவறு" என்று சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். ஸ்பேரோவில் கோப்புப் பாஸ்வேர்டும், இப்படிச் சீட்டோடு சேரும் கடவுச்சொல்லான பாஸ்ஃபிரேஸும் தனித்தனி. எதை வைத்தீர்கள் என்று காகிதத்தில் எழுதி, சீட்டை வைக்காத வேறொரு இடத்தில் வையுங்கள்.

அனுப்பிய பணம் உறுதியாகாமல் தொங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபீஸ் குறைவு என்பதே காரணம். நான்கிலும் ஃபீஸைக் கூட்டி மறுபடி அனுப்ப வழி உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டாலும், பெரும்பாலான நோடுகள் 14 நாட்களில் அதை மறந்துவிடும். உறுதியாகும்வரை காசு உங்கள் முகவரியை விட்டுப் போயிருக்காது.

எந்த வாலட்டாலும் அடைக்க முடியாத ஓட்டைகள்

உங்களிடம் 0.01 பிட்காயின் ஒரே துண்டாக இருக்கிறது, அதிலிருந்து ஒருவருக்கு 0.003 தருகிறீர்கள். மீதி சுமார் 0.007 சில்லறையாக உங்களுக்கே திரும்பும். பணம் வாங்கியவர் அந்தப் பரிவர்த்தனையைப் பார்த்தாலே உங்களிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஊகித்துவிடுவார். இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதும் தெரிந்துவிடும். பிட்காயினை உருவாக்கிய சதோஷி 2008-ல் வெளியிட்ட அறிக்கையின் பத்தாவது பிரிவிலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று கையால் தேர்வதுதான் இதற்கு மருந்து. ஸ்பேரோவில் யுடிஎக்ஸ்ஓ (செலவழிக்காத துண்டுகள்) பக்கம், எலெக்ட்ரத்தில் காயின்ஸ் பக்கம் (வியூ மெனுவில் அதை இயக்க வேண்டும்). எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த காசையும் நேரடியாகக் கைமாறி வந்த காசையும் ஒரே பரிவர்த்தனையில் சேர்க்காதீர்கள். இந்திய எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, உங்கள் பான் எண்ணும் நீங்கள் பணத்தை எடுத்த முகவரியும் அவர்களிடம் சேர்ந்தே இருக்கும். வரி கட்டுவது வேறு விஷயம், அதைக் கட்டத்தான் வேண்டும். நான் பேசுவது, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் இருப்பை எட்டிப் பார்ப்பதைப் பற்றி. 2020-ல் ஹார்டுவேர் வாலட் விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தபோது சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் போன் எண்ணும் இணையத்தில் வந்தன. அந்தப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே அவர் இருப்பும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பலர் கவனமாக டோர் போட்டு அனுப்பிவிட்டு, பணம் சேர்ந்ததா என்று பார்க்க வழக்கமான பிரவுசரில் பிளாக் எக்ஸ்ப்ளோரரை (பேரேட்டைத் தேடிக் காட்டும் இணையதளம்) திறந்து அந்தப் பரிவர்த்தனை எண்ணை ஒட்டுகிறார்கள். அத்தனை கவனமும் அந்த ஒரு கிளிக்கில் வீண். வாலட்டுக்குள்ளேயே பாருங்கள், முடியாவிட்டால் டோர் பிரவுசரில் பாருங்கள்.

யாருக்கு எது?

தொகை சிறியது, அவசரத்துக்கு வேண்டும் என்றால் எலெக்ட்ரம் போதும், வட்டம் நீலமாக இருக்கட்டும். நோடு வைக்க முடியாது, ஆனால் முகவரிகளை ஒரு அந்நிய சர்வரிடம் கொடுக்க மனமில்லை என்றால் வசாபி. சேமிப்பு என்று சொல்லும்படி ஒரு தொகை இருந்தால், ஹார்டுவேர் வாலட்டோடு ஸ்பேரோ, பின்னால் சொந்த கோர். 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் ஓரமாக ஓடிக்கொண்டிருக்க ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். கோரை வாலட்டாகவே பயன்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை, பின்னணியில் கணக்குச் சொல்லும் நோடாக அதற்கு இணை கிடையாது. மாறும்போது ஒரு விஷயம்: பொது சர்வரிடம் ஏற்கெனவே காட்டிவிட்ட முகவரிகள் காட்டியவைதான். சொந்த நோடு தயாரானதும் புதிய சீட்டோடு புதிய வாலட் தொடங்கி, இனி வரும் பணத்தை அதில் வாங்குங்கள். பழைய துண்டுகளை மொத்தமாக அள்ளி ஒரே தடவையில் அதற்கு மாற்றாதீர்கள்.