“ஒரு வாரத்தில் கூகுளில் முதல் இடம்” என்று சொல்லி 54,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் இரவுதான் எனக்கே தெரியவந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 54,000 ரூபாய். என்னைப் போல் சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டு எடுத்து, தை மாதத்துக்குப் பாய் நெய்கிறவர்களுக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்த பணம் அது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். இணையதளம் அமைத்துக்கொடுத்து, கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று சொல்கிற வகை. மாடியில் ஓர் அறை, ஆறேழு கணினி, வாசலில் பெரிய பலகை. இப்படி ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் பத்தமடையில் நெய்கிற பெண்களிடம் கோரைப்பாய் வாங்கி விற்கிறேன். பெரும்பகுதி கல்யாணப் பாய், மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்வது. கோரையை மெல்லியதாகக் கீறி நெய்கிற நல்ல பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். தையில் கல்யாணம் என்றால் கார்த்திகைக்குள் ஆர்டர் வந்தாக வேண்டும். எனவே எனக்கு எல்லாமே நாள் கணக்குதான். இணையதளத்தில் போடுகிற பக்கம் எத்தனை நாளில் தேடுகிறவர் கண்ணில் படும்? நான் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். கடைசிவரை அவர்கள் பொய் சொன்னதும் இதைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். நாற்காலி இருந்தும் பாயில் உட்கார்ந்தான், ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். போனில் ஏதோ ஒரு கடை கூகுளில் மேலே ஏறியதைக் காட்டும் கோட்டுப் படத்தைக் காட்டி, “இவர்களுக்கு 11 நாளில் முதல் இடம் வந்தது அம்மா, உங்களுக்கு ஒரு வாரத்திலேயே வரும்” என்றான். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. என் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். கோரை அறுப்பதிலிருந்து சாயம் ஏற்றுவதுவரை 14 கட்டுரை என் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். யார் வந்தாலும் இரண்டு வரி பார்த்துவிட்டு மூடுவார்கள். அவன் முதல் கட்டுரையைக் கடைசி வரிவரை படித்தான். “கோரையை ஏன் அம்மா ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்?” என்று கேட்டான். நான் விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். என் எழுத்தை ஒருவன் உட்கார்ந்து படித்துவிட்டான் என்றதும் என் மனது இளகிவிட்டது. காபி கொடுத்தேன். “கூகுளில் எங்களுக்குத் தனி வழி இருக்கிறது, எங்கள் பக்கங்களை முன்னுரிமையில் எடுத்துக்கொள்வார்கள்” என்று அவன் சொன்னபோது சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அன்றே 18,000 அனுப்பினேன்.

அப்படி ஒரு தனி வழி உலகத்தில் யாருக்கும் கிடையாது. கூகுள் தன்னுடைய வழிகாட்டிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது: முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, எங்களோடு சிறப்பு உறவு இருக்கிறது என்பவர்களிடமும் முன்னுரிமைப் பதிவு செய்து தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள் என்று. எனக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் பையன் சொன்னது இந்த மூன்றும்தான், வரிசை மாறாமல்.

செப்டம்பரில் தளம் வந்தது. 14 கட்டுரையும் ஏறின. பத்தாம் நாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. “பத்தமடை கல்யாணப் பாய்” என்று தேடினால் என் பக்கம் உச்சியில் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன், நெய்கிற அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த 18,000 கொடுத்தேன். அக்டோபரில் ஓர் அறிக்கை வந்தது. கட்டுரை வெளியான தேதி, முதல் பக்கத்துக்கு வந்த தேதி, இடையில் எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாக, வண்ணம் போட்டு. 6 நாள், 7 நாள், 6 நாள், 5 நாள். பதினான்கும் அப்படியே. மூன்றாவது 18,000 அன்றைக்குப் போனது. மொத்தம் 54,000.

ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

என் போனில் தேடினேன். இல்லை. கேட்டேன். “ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் முடிவு மாறும் அம்மா, உங்கள் போனில் தெரியாது” என்றான். இதில் பாதி உண்மை இருக்கிறது. இடத்தையும் மொழியையும் பொறுத்துத் தேடல் முடிவு மாறத்தான் செய்யும். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன். கடையின் பெயரை முழுசாகப் போட்டுத் தேடினாலும் வரவில்லையே என்று கேட்டதற்கு, புதுத் தளங்களைக் கூகுள் சிறிது காலம் ஒதுக்கி வைக்கும் என்றான். அடுத்த வாரம் கேட்டால் கூகுளில் அப்டேட் நடக்கிறதாம். நவம்பரில் டீம் லீடர் கூட்டத்தில் இருந்தார். பிறகு டீம் லீடர் விடுப்பில் இருந்தார். பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புதிதாக உட்கார்ந்திருந்த பெண் என் பெயரைக் கூடக் கேட்காமல், “உங்கள் கட்டுரைகளில் தரம் போதாது, அதனால்தான் ஏறவில்லை. 20,000 ரூபாய்க்கு நாங்களே எழுதித் தருகிறோம்” என்றாள். இரண்டு வருடம் நெசவுக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது அது. அன்று பஸ்ஸில் வரும்போது என் எழுத்து மோசம்தான் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டே வந்தேன். பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

பொங்கலுக்குத் தம்பி மகள் வந்தாள். கோயம்புத்தூரில் கணினி வேலை. முந்தாநாள் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்து என் தளத்தின் ஒரு பக்கத்துக்கு அடியில் இருக்கிற நிரல் வரிகளைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. “அத்தை, இங்கே பாருங்கள்” என்று விரலை வைத்துக் காட்டினாள். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: நோஇண்டெக்ஸ்.

தேடுபொறிக்கு, “இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே” என்று சொல்லுகிற கட்டளை அது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் அமைக்கும்போது, தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அரைகுறையாக இருக்கும் தளம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் டிக் போட்டு வைப்பார்களாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவர்கள் எடுக்கவில்லை. பதினான்கு பக்கத்திலும் அந்த வரி இருந்தது. நான்கு மாதமாக என் கடைக்கு வெளியிலிருந்து பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே கூட்டம் அலைமோதுகிறது என்று எனக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். 6 நாள், 7 நாள் என்று எண்ணினார்களே, எதை எண்ணினார்கள்? பட்டியலிலேயே இல்லாத பக்கம் முதல் பக்கத்துக்கு எந்த நாளில் வரும்?

அப்படியானால் அந்தப் படம்? அதையும் அவள்தான் பார்த்தாள். மூன்று படம் அனுப்பியிருந்தார்கள். மூன்றும் என் பக்கத்தின் தலைப்புக்கு மேலே சரியாக வெட்டப்பட்டிருந்தன. மூன்றாவது படத்தை அவள் பெரிதாக்கினாள். மேல் விளிம்பில் எழுத்துகளின் அடிப்பாகம் மட்டும், எறும்பு வரிசை மாதிரி, வெட்டுப்பட்டுக் கிடந்தது. வேறொரு விளம்பரத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல்லின் பாதி அது. காசு கொடுத்து விளம்பரம் போட்டு, படம் எடுத்து, விளம்பரம் என்று சொல்லுகிற சொல்லை மட்டும் நறுக்கிவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் பணத்திலேயே. அந்தப் படத்தைத்தான் நான் நெய்கிற அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

பிறகு பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ‘மெட்டா கீவேர்ட்’ என்று ஒரு கட்டணம்; பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை எழுதி வைப்பதாம். தர வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ‘சைட்மேப் பிங்’ என்று இன்னொன்று; தளத்தின் பக்கப் பட்டியலை வந்து பார் என்று கூகுளுக்குத் தகவல் அனுப்புவது. அந்த வசதியை 2023-ல் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். மூன்றாவது ‘இண்டெக்சிங் ஏபிஐ’. பக்கம் வந்திருக்கிறது என்று கூகுளுக்கு நேரடியாகச் சொல்லுகிற அந்த வசதி வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கங்களுக்கும் நேரலை ஒளிபரப்புப் பக்கங்களுக்கும் மட்டும் உரியது. பாய்க்கடைக்கு அதில் என்ன வேலை?

தம்பி மகள் எனக்குப் புரியும்படி ஒன்று சொன்னாள். பாய் நெய்து முடிந்த நாள் வேறு, கடைக்கு வந்து சேர்ந்த நாள் வேறு, வாடிக்கையாளர் கண்ணில் பட்ட நாள் வேறு, அவர் கையில் எடுத்துப் பார்த்த நாள் வேறு. பக்கமும் அப்படித்தான். வெளியிட்ட நாள், கூகுளின் பட்டியலில் சேர்ந்த நாள், யாரோ தேடியபோது முதல் முறை தோன்றிய நாள், மேலே ஏறி நிலைத்த நாள் எல்லாம் தனித்தனி. பட்டியலில் சேரவே சில மணி நேரமும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், சேராமலே போகலாம். மேலே ஏறுவது அதைவிட மெதுவான காரியம். தேடல் கணக்குகளை ஆராய்கிற அஹ்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் 2017-ல் பார்த்த கணக்குப்படி, புதிதாக வந்த பக்கங்களில் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு சொல்லுக்காவது முதல் பத்து இடத்துக்குள் வந்தவை 5.7 சதவீதம்தான். யாருமே போட்டிக்கு இல்லாத சொல்லுக்குச் சில நாளிலேயே வந்துவிடலாம் என்பதும் உண்மை. அதனால்தான் எந்தச் சொல்லுக்கு என்று கேட்காமல் நாளை மட்டும் எண்ணக் கூடாது.

இதையெல்லாம் அளக்க ஒரு ரூபாய் வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லுக்கு, எந்தத் தேதியில், எத்தனை முறை உங்கள் பக்கம் தோன்றியது, சராசரியாக எத்தனையாவது இடம், எத்தனை பேர் தொட்டார்கள் என்று 16 மாதத்துக் கணக்கு அதில் இருக்கும். என்னுடையதை அவர்கள் தங்கள் மின்னஞ்சலில் திறந்து வைத்துக்கொண்டு, “அது டெக்னிக்கல் அம்மா, உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக டொமைன், அதாவது தளத்தின் முகவரி, என் பெயரில் இருந்தது. அதை வைத்து முந்தாநாளே எனக்கென்று தனியாகத் திறந்தோம். இன்று காலை கணக்கு வந்தது. பதினான்கு பக்கமும் நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டவை என்று வரிசையாக நிற்கின்றன. கூகுளின் இயந்திரம் வந்து பார்த்துவிட்டு, சேர்க்காதே என்ற பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. நான்கு மாதத்தில் தேடலில் தோன்றிய எண்ணிக்கை: 0.

என் எழுத்து மோசம் என்றாளே அந்தப் பெண், அதைக் கூகுள் யாருக்குமே காட்டவில்லை.

விரிவாக, ஒவ்வொன்றாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. அவசரமாக இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் குறித்து முதல் இடம் தருகிறேன் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். டொமைன், அட்மின் பாஸ்வேர்டு, சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்; சர்ச் கன்சோலைத் திறந்து எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள். தளம் வந்த அன்றே அந்த நோஇண்டெக்ஸ் பெட்டியைப் பாருங்கள், தெரிந்த பிள்ளைகள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் நேற்றே 1915-ல் பதிவு செய்துவிட்டேன்.

இன்று மதியம் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்த ஒரு டிக்கை எடுத்தால் போதும் என்றேன். “தொழில்நுட்பத் திருத்தக் கட்டணம் 6,000 ரூபாய் ஆகும் மேடம்” என்றார்கள். 54,000 வாங்கிக்கொண்டு, தாங்கள் போட்ட பூட்டைத் தாங்களே திறக்க இன்னும் 6,000. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும் இந்த நிமிடம்வரை பாஸ்வேர்டு வரவில்லை. பதினான்கு பக்கத்திலும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.