கஹூட்டா, பேட்ஜா, வாராந்திரச் சவாலா: அடுத்த பேட்சுக்கும் தாங்குவது எது?

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மாதிரி ஒரு பேப்பர். இரண்டாம் ஆண்டு, செக்‌ஷனுக்கு 60 பேர், வாரம் ஒரு லேப். மாணவர்களைப் பாடத்துக்குள் இழுக்க விளையாட்டைக் கொண்டுவருவோம் என்று முடிவெடுத்த ஆசிரியர் முன்னால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. வகுப்பிலேயே போனை எடுக்கச் சொல்லி நடத்தும் கஹூட் வகை வினாடி வினா ஒன்று. மூடுல் என்ற இணையப் பாடத் தளத்தில் செமஸ்டர் முழுக்க ஓடும் புள்ளி, பேட்ஜ், லீடர்போர்டு (தரவரிசைப் பலகை) இன்னொன்று. மூன்றாவது, வாரம் ஒரு சவால். அதிலும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி இன்புட் (நிரலுக்குக் கொடுக்கும் தரவு). எங்கள் சாய்வு மூன்றாவதன் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதல் செமஸ்டரில் மூன்றுமே நன்றாக ஓடும். புதுசு என்பதற்காகவே ஓடும். அதே பேப்பரை அடுத்த பேட்சுக்கு எடுக்கும்போது, போன வருஷம் செய்த வேலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

கஹூட்

நார்வேயில், ட்ரொன்ஹைம் நகரப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 2013-ல் வெளியானது. இதன் பலத்தை விளக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பில் ஒருமுறை நடத்திப் பார்த்தாலே தெரியும். கவனிக்க வேண்டியது மதிப்பெண் கணக்கு. ஒரு கேள்விக்கு 1000 புள்ளி. எடுத்துக்கொண்ட நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, அந்த விகிதத்தில் பாதி அளவை 1000-லிருந்து கழிக்கிறார்கள். 20 நொடிக் கேள்விக்கு 2-வது நொடியில் சரியாகத் தட்டியவருக்கு 950, 18-வது நொடியில் சரியாகத் தட்டியவருக்கு 550. ‘இந்த இரட்டை லூப்பின் நேரச் சிக்கல் (டைம் காம்ப்ளெக்ஸிட்டி) என்ன’ என்ற கேள்விக்குக் காகிதத்தில் எழுதிப் பார்த்து விடை கண்டவர், யூகத்தில் தட்டியவரிடம் 400 புள்ளி பின்தங்குகிறார். நேரத்தை 60 நொடி ஆக்கினால் இது கொஞ்சம் தணியும். கணக்குப் போட வேண்டிய கேள்விகளைப் புள்ளியே இல்லாத கேள்வியாக வைப்பது இன்னும் நல்லது.

இடையிடையே திரையில் வருவது முதல் ஐந்து பேர் மட்டும். நாலாவது வாரத்துக்குள் அந்த ஐந்து பெயர்கள் ஏறக்குறைய நிலைத்துவிடும். மீதி 55 பேருக்கு அது வேடிக்கை.

அதைவிடப் பெரிய செலவு கேள்வி. வாரம் 10 கேள்வி, 14 வாரம் என்றால் 140 கேள்விகள். தவறான மூன்று விடைகளும் நம்பும்படி இருக்க வேண்டும் என்றால் ஒரு கேள்விக்குப் பத்து நிமிடமாவது ஆகும். மொத்தம் 23 மணி நேரம். காலையில் ஏ செக்‌ஷனுக்கு நடத்தியதை மதியம் பி செக்‌ஷனுக்கு நடத்தினால், சாப்பாட்டு நேரத்திலேயே வாட்ஸாப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும். வெவ்வேறு நிறக் கட்டங்களில் வரும் விருப்பங்களை இடம் மாற்றினாலும் பயனில்லை. அவர்கள் நினைவில் வைப்பது நிறத்தை அல்ல, விடையின் வாசகத்தை. ஆக அடுத்த வருஷம் பாதிக்கு மேல் புதிதாக எழுத வேண்டும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பியர்வைஸ் மாதிரிக் கருவியில் மாணவர்களையே கேள்வி எழுத வைத்து இந்தச் சுமையைக் குறைக்கலாம். ஆனால் சரிபார்க்கும் வேலை ஆசிரியருடையதுதான்.

பெங்களூரில் தொடங்கிய குவிஸிஸ் (2025-ல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது) மாணவர் தன் வேகத்தில் போக விடுகிறது. அதனால் வேகப் பிரச்சினை குறைகிறது. கேள்வித் தேய்மானம் குறைவதில்லை.

புள்ளியும் பேட்ஜும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடுலில் பேட்ஜ் 2013 முதலே உண்டு. லெவல் அப் பிளகினைப் போட்டால் மாணவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி ஏறும். அங்கேதான் வினையும்: பக்கத்தைத் திறந்து மூடினாலே புள்ளி கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இரண்டு நாள் போதும். பிளகினில் அதற்கான தடுப்பு இருக்கிறது, மறக்காமல் இறுக்கி வையுங்கள்.

ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2013-ல் ஆக்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பால் டென்னி பார்த்தபோது, பேட்ஜ் வைத்ததும் அவர்கள் விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கை கூடியது, தரம் குறையவில்லை. 2015-ல் ஹானஸ், ஃபாக்ஸ் இருவரும் அமெரிக்காவில் 16 வார வகுப்பு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டார்கள். லீடர்போர்டும் பேட்ஜும் வைத்த வகுப்பில் நாளாக ஆக ஊக்கமும் நிறைவும் குறைந்தன. இறுதித் தேர்விலும் அது எதிரொலித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சின்னச் சின்ன வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்ட பேட்ஜ் உதவும், அதையே முழு வகுப்பின் முதுகெலும்பாக்கினால் வலிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு இன்புட்

மாதிரி வெளியிலேயே இருக்கிறது. எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரும் இணையத்தில் நடத்தும் நிரல் புதிர்த் தொடர் ‘அட்வென்ட் ஆஃப் கோட்’. புதிர் எல்லோருக்கும் ஒன்று, இன்புட் கோப்பு வேறு வேறு. சமர்ப்பிக்க வேண்டியது நிரல் அல்ல, ஒரே ஒரு விடை. முதல் பாகத்தை முடித்தால்தான் இரண்டாம் பாகம் திறக்கும். (2025-ல் அவர் உலகத் தரவரிசைப் பட்டியலையே எடுத்துவிட்டார். லீடர்போர்டு இல்லாமல் சுவை போய்விடும் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.) நிரல் மதிப்பீட்டு சர்வர் வேண்டாம், டெஸ்ட்கேஸ் வேண்டாம், எந்த மொழியில் எழுதினாலும் சரி. பக்கத்து பெஞ்சிலிருந்து விடையை வாங்கிப் போட்டால் தவறு என்று வரும்.

ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) பாடத்துக்கான ஒரு சவாலை எடுத்துப் பார்ப்போம். இன்புட் 2000 வரிகள், ஒவ்வொரு வரியிலும் (), [], {} ஆகிய அடைப்புக்குறிகள் 20. எந்தெந்த வரிகள் சரியாக மூடப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் தடவை எல்லோரும் செய்யக்கூடிய தவறு, ஆறு குறிகளிலிருந்து 20-ஐச் சும்மா ரேண்டமாகப் பொறுக்கி வரியை உருவாக்குவது. அப்படி வரும் ஒரு வரி சரியாக அமையும் வாய்ப்பு ஒரு கோடியில் சுமார் மூன்று. 2000 வரியில் ஒன்றுகூட வராது. 60 பேருக்கும் விடை சைபர். ஆகவே முதலில் சரியான வரியை உருவாக்குங்கள். பிறகு நாணயம் சுண்டுகிற மாதிரி, பாதி வாய்ப்பில் அதில் ஒரு குறியை மட்டும் வேறொன்றாக மாற்றுங்கள். ஒரே ஒரு குறி மாறினால் வரி கண்டிப்பாகக் கெடும். வகை மாறினால் ஜோடி பொருந்தாது, திறப்பு மூடலாக மாறினால் எண்ணிக்கை பொருந்தாது.

அடுத்த பொறி விடையிலேயே இருக்கிறது. ‘சரியான வரிகள் எத்தனை’ என்று கேட்டால் எல்லோருடைய விடையும் 1000-ஐ ஒட்டியே விழும். 60 பேரில் பல ஜோடிகளுக்கு ஒரே எண் வரும், யூகத்துக்கும் இடமுண்டு. அதற்குப் பதிலாகச் சரியான வரிகளின் வரி எண்களைக் கூட்டச் சொல்லுங்கள். விடை 10 லட்சத்தை ஒட்டி வரும். ஆளுக்கு ஆள் பல்லாயிரக்கணக்கில் விலகும். எந்தச் சவாலானாலும் விடை ஆறு இலக்கமாவது இருக்கட்டும்.

இரண்டாம் பாகம்: கெட்ட வரிகளில் முதல் தவறு எத்தனையாவது இடத்தில் என்று பார்த்து அந்த இடங்களைக் கூட்டு. இங்கே விதி துல்லியமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை 1-லிருந்து தொடங்குகிறது என்று எழுதுங்கள். மூடாமலே முடிந்த வரிக்கு என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். நீளத்தோடு ஒன்று கூட்டிய இடம் என்று வைத்தால் போதும். கேள்வியோடு ஐந்து வரி மாதிரியும் அதன் விடையும் கட்டாயம் கொடுங்கள். ([)] என்ற வரிக்கு 3, (( என்ற வரிக்கும் 3. இந்த இரண்டும் மாதிரியில் இருந்தால் ‘சார், இதுக்கு என்ன பண்றது’ என்று வரும் மெசேஜ்களில் பெரும்பகுதி வராது.

உருவாக்கும் நிரல் பைத்தானில் ஐம்பது வரிக்குள் அடங்கும். பதிவெண், ஆண்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல் ஆகிய மூன்றையும் ஒட்டி விதையாக (ரேண்டம் வரிசையைத் தொடங்கிவைக்கும் மதிப்பாக) கொடுத்து, கோப்பையும் விடையையும் ஒரே ஓட்டத்தில் எழுதிவிட வேண்டும். பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ் ஃபங்ஷனை (எந்த மதிப்பையும் ஒரு எண்ணாகச் சுருக்குவது) இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சரத்துக்கு (ஸ்ட்ரிங்) அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு மதிப்புத் தரும். மறுநாள் விடைப்பட்டியலை மறுபடி எடுத்தால் ஒன்றும் பொருந்தாது. சரத்தை அப்படியே ரேண்டம் மாட்யூலுக்கு விதையாகக் கொடுப்பது பாதுகாப்பு. அதிலும் பைத்தான் பதிப்பு மாறினால் சில ஃபங்ஷன்களின் வரிசை மாறக்கூடும் என்பதால், உருவான கோப்புகளையே பத்திரப்படுத்துங்கள்.

விடைப்பட்டியலை எக்ஸெலில் திறந்து அப்படியே சேமிப்பது இன்னொரு விபத்து. 12 இலக்கப் பதிவெண் 7.1E+11 என்ற கோலத்துக்கு மாறி, சிஎஸ்வி-யில் அப்படியே உறைந்துவிடும். அந்தப் பத்தியை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

வாங்குவதற்குக் கூகுள் ஃபார்ம் போதும். கல்லூரி மெயில் ஐடியில் மட்டும் திறக்கும்படி வைத்து, ஷீட்டில் விடைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆளுக்கு முதல் ஐந்து முயற்சிகள்தான் கணக்கு என்று அறிவித்துவிடுங்கள். உடனுக்குடன் சரியா தவறா என்று சொல்ல வேண்டுமென்றால் ஷீட்டோடு ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரல் எழுத வேண்டும், இல்லையேல் சாயங்காலம் ஒரு மெயில். விடையின் ஹேஷைக் கொடுத்து ‘நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். 20 லட்சம் எண்களையும் வரிசையாக ஹேஷ் செய்து பார்க்க ஒரு லேப்டாப்புக்குச் சில நொடிதான். நெட்வொர்க் செக்யூரிட்டி எடுப்பவர் வேண்டுமானால் அதையே தனிச் சவாலாக வைக்கலாம்.

நிரலையே வாங்கி ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு மூடுலில் கோட்ரன்னர் இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவானது. நல்ல கருவி. ஆனால் மாணவர் நிரல்களை ஓட்டும் ஜோப் சர்வரைத் தனி மெஷினில் வைக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இப்போது பராமரிப்புக் கணக்கு. ஒரு சவாலை எழுதி, நிரல் போட்டு, வேறொருவரை வைத்துத் தீர்த்துப் பார்க்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பத்துச் சவாலுக்கு 30 முதல் 40 மணி நேரம். முதல் வருஷம் கஹூட்டைவிட இதுவே அதிக வேலை, மறைத்துப் பயனில்லை. இரண்டாம் வருஷம் புதிய பதிவெண் பட்டியலைக் கொடுத்து ஓட்டினால் பத்துக் கோப்புத் தொகுப்பும் நிமிடங்களில் தயார். சீனியரிடம் விடை இருக்கும், அது ஜூனியருக்கு உதவாது. பி செக்‌ஷன், அரியர் மாணவர், இடையில் சேர்ந்த லேட்டரல் என்ட்ரி மாணவர் எல்லோருக்கும் அதே நிரல்தான். கஹூட்டில் செலவான 23 மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் திரும்பச் செலவாகும். இங்கே செலவு ஒருமுறைதான். மூன்றாவது தடவை அதே பேப்பர் தலையில் விழும்போது இந்த வித்தியாசம் ஒரு செமஸ்டர் லீவு மாதிரி.

சீனியரின் நிரல் கைமாறும், அது உண்மை. சாட்ஜிபிடியும் அடைப்புக்குறி நிரலை நொடியில் எழுதித் தரும். தனி இன்புட் விடைத் திருட்டைத் தடுக்குமே தவிர நிரல் திருட்டைத் தடுக்காது. இதற்கு இரண்டு ஈடு. இரண்டாம் பாகத்தை லேப் நேரத்தில், இணையத்தை நிறுத்திவிட்டு 20 நிமிடத்துக்குத் திறப்பது. தன் நிரலைப் புரிந்துகொண்டவருக்கு அது நாலைந்து வரி மாற்றம்தான். கூடவே வாரம் ஆறு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு மூன்று நிமிட வைவா. பத்து வாரத்தில் 60 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். இவையும் முழுத் தடுப்பு ஆகாது. கம்ப்யூட்டர், கணிதம், புள்ளியியல் போன்ற எண்ணாக விடை வரும் பாடங்களைத் தாண்டி, இலக்கியத்துக்கோ சட்டத்துக்கோ இந்த முறையை இதே உறுதியோடு பரிந்துரைக்கவும் மாட்டோம். அங்கே கஹூட்டே கைகொடுக்கலாம்.

மதிப்பெண்ணை அடக்கியே வையுங்கள். அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40. அதில் சவாலுக்கு 5-க்கு மேல் போனால் விளையாட்டு அசைன்மென்ட் ஆகிவிடும். பத்துச் சவால்களில் சிறந்த 7-ஐ எடுத்துக்கொள்வது, முதலில் முடித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் கொடுக்காமல் இருப்பது. பலகையில் பெயர் வரிசை வேண்டாம். ‘பாகம் 1 முடித்தவர்கள் 41, பாகம் 2 முடித்தவர்கள் 17’ என்ற இரண்டு எண் போதும்.

கஹூட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தியரி வகுப்பின் நடுவே ஒரே ஒரு கேள்வி, புள்ளி இல்லாமல். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் வகுத்த முறை இங்கே உதவும். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேச விட்டு மறுபடி கேளுங்கள். 70-ஐத் தாண்டினால் மேலே போகலாம், 30-க்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 14 வாரத்துக்கு 14 கேள்வி, அது தாங்கும்.

முதல் வாரச் சவாலில் பாடம் எதுவும் வைக்க வேண்டாம். கோப்பை இறக்கி, அதிலுள்ள 1000 எண்களைக் கூட்டி, ஃபார்மில் போடுவது மட்டும். விண்டோஸில் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் எழுத்து, சி மொழியில் இன்ட் தாங்காத பெரிய கூட்டுத்தொகை, தப்பான மெயில் ஐடி எல்லாம் அந்த வாரத்திலேயே வெளியே வந்துவிடும். ஸ்டாக் சவால் வரும்போது அவர்கள் ஸ்டாக்கோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.